மஞ்சள் லைட்டும் பெரிய ஓர்ப்படியும்

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் காஞ்சிபுரத்திலிருந்து ஓசூர் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, "என்னைக் கேக்காம என் பேர எதுக்குடி போட்ட?" என்று வாசலிலேயே நின்று கேட்பாள். கேட்டு முடித்ததும் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவாள், அது வேறு விஷயம். என் கணவரின் அண்ணன் மனைவி அவள், எனக்குப் பெரிய ஓர்ப்படி. நாங்கள் ஓசூருக்குக் குடிபெயரும் வரை ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இரண்டு பேரும் சமைத்தோம். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

ஓர்ப்படிகள் என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. எங்களைப் பார்த்து நிறைய பேர் ஏமாந்து போனார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவளுடைய தொல்லையைச் சொல்லிவிட வேண்டும். எதுவும் அவள் காதுபட முனகக் கூடாது. முனகினால் அதன் காரணத்தைப் பார்க்காமல் விட மாட்டாள். சித்திரை மாதத்து மத்தியானம், எல்லோரும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேலே மின்விசிறி லேசாகக் கிறீச்சிடும். அவ்வளவுதான், சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவாள். நாங்கள் வேர்த்து விறுவிறுத்துக் கீழே உட்கார்ந்திருப்போம். "சாப்பிட்டுட்டு அப்புறம் பாக்கலாமேம்மா" என்று மாமனார் கெஞ்சுவார். "அது ரெண்டு நாளா சொல்லிக்கினே இருக்குது மாமா. நாம்பதான் காதுல வாங்காம கெடக்கறோம்" என்பாள். மாமனார் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் என் பெண் விஷயத்தில் அவளுடைய அந்தக் குணத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பெண்ணுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. சொந்தக்காரர் கல்யாணம், குழந்தைக்குப் புதுப் பட்டுப்பாவாடை சட்டை. மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து வீறிட்டு அழுதாள். பசி என்றார்கள், பால் கொடுத்தேன். கண்பட்டுவிட்டது என்றார்கள், உப்பைச் சுற்றிப் போட்டார்கள். பெரிய மீசை வைத்த ஒருவர் வந்து 'உஸ்' என்று அதட்டிப் பயங்காட்டினார். குழந்தை பயந்து ஒரு நிமிஷம் நிறுத்தியது. "பாத்தீங்களா, அடங்கிடுச்சு" என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்தாள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கிச் சட்டையைக் கழற்றினாள். அக்குளுக்குக் கீழே, தையலில் ஒரு ஜரிகை முனை துருத்திக்கொண்டு நின்றது. தோல் சிவந்து கீறலாகியிருந்தது. "ஏங்க, காஞ்சிபுரத்துல பொறந்துட்டா கொழந்தைக்கு ஜரிகை குத்தாதா?" என்று அந்த மீசைக்காரரைப் பார்த்துக் கேட்டாள். அவர் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார். என் பெண் அந்தக் கல்யாணம் முழுக்க வெறும் ஜட்டியோடு சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

அந்த அக்காதான் கார் வாங்கினாள்.

அவளுடைய தொழில் பட்டுச்சேலைக்குக் குஞ்சம் கட்டுவது. தறியிலிருந்து அறுத்த சேலையின் முந்தானையில் இழைகள் அவிழ்ந்து தொங்கும். அவற்றைப் பிரித்து முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். கல்யாணச் சேலை என்றால் பூ மாதிரி, மணி மாதிரி விதவிதமாகக் கேட்பார்கள். கடைகளிலிருந்து சேலைகளை வாங்கி, மாகறல் பக்கமும் திருமுக்கூடல் பக்கமும் உள்ள பெண்களிடம் கொடுத்து, கட்டி முடித்ததும் வாங்கி வருவாள். ஆரம்பத்தில் பஸ்ஸில்தான் போனாள். மழைக்காலத்தில் பட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து போக வேண்டும். ஒரு மழையில் ஒரு முகூர்த்தச் சேலை நனைந்து சாயம் இறங்கியது. அதற்கு அடுத்த மாதமே ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்கும் அடுத்து, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய ஒரு பழைய வெள்ளைக் காரைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

அவள் கணவரை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. பொட்டலம் கட்டுவதில் கெட்டிக்காரர். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அவருக்குக் கார் பிடிக்கவில்லை. ஆனால் 'ஓட்டாதே' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் ஜாதி இல்லை அவர். பெட்ரோல் விலை என்பார், நிறுத்த இடமில்லை என்பார், பக்கத்து வீட்டில் கீறல் போட்டுவிடுவார்கள் என்பார். காரணங்களாக அடுக்கிக்கொண்டே போவார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

கடைசியில் அவருக்குத் தோதாக ஒரு காரணம் வந்து சேர்ந்தது. கார்த்திகை மாத அடைமழையில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் லைட்டு எரிய ஆரம்பித்தது. வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்று மூன்று ஆங்கில எழுத்து. வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அணைந்துவிடும், கொஞ்ச தூரம் போனதும் திரும்ப எரியும்.

ஓரிக்கைப் பக்கம் இருந்த மெக்கானிக்கிடம் போனோம். நானும் கூடத்தான் போனேன். எனக்கு வீட்டிலிருந்து வெளியே போக அதுவும் ஒரு சாக்கு. "பிரேக்கு நல்லா பிடிக்குதும்மா. இது வேற. ஈர ரோட்டுல திடீர்னு மிதிச்சா சக்கரம் அப்டியே பூட்டிக்கினு வழுக்கும்ல? அது வழுக்காம பாத்துக்கறதுதான் ஏபிஎஸ்சு. லைட்டு எரிஞ்சா அது தூங்குதுன்னு அர்த்தம்" என்றார். பிரேக் எண்ணெய் ஊற்றினார். மறுநாளே எரிந்தது. அடுத்த தடவை ஒரு கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். இடது பக்க முன்சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் சென்சாரிலிருந்து சேதி வரவில்லை என்றது அது. துடைத்து மாட்டினார். எரிந்தது. பிறகு சென்சாரையே புதிதாக மாற்றினார். மூன்று நாள் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, வெளுத்து வாங்கிய ஒரு மழையில் மாகறல் ரோட்டில் பளிச்சென்று எரிந்தது.

அப்போதுதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார். "உள்ள இருக்கற பல்ப புடுங்கிடறேன்மா. பழைய வண்டிக்கு எல்லாரும் இதத்தான் பண்றாங்க. இருபது வருசமா ஏபிஎஸ்சே இல்லாமதானே ஓட்டிக்கினு இருந்தோம்?"

"பல்பு போச்சுன்னா சக்கரம் வழுக்காதா?" என்றாள் அக்கா.

"வழுக்கறது வழுக்கும். லைட்டு தெரியாது."

"அப்ப என் கண்ணக் கட்டிக்கினு ஓட்டச் சொல்றியாப்பா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார், 'நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா' என்பது போல. நான் ஏன் சொல்கிறேன்?

வீட்டில் பெரிய மாமா இன்னொரு வைத்தியம் பார்த்தார். சின்னதாக ஒரு முருகன் ஸ்டிக்கர் வாங்கி வந்து சரியாக அந்த லைட்டின் மேல் ஒட்டிவிட்டார். மறுநாள் காலையில் அக்கா அதைப் பார்த்தாள். நகத்தால் பக்குவமாக உரித்து, கண்ணாடிக்குக் கீழே ரோட்டைப் பார்த்த மாதிரி ஒட்டினாள். "சாமிய எதுக்குங்க இத மறைக்கறதுக்கு நிக்க வெக்கறீங்க? இங்க நின்னு என்னோட சேந்து ரோட்டப் பாக்கட்டும்" என்றாள்.

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது மாமனார், மாமியார், என் கணவர், நான் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்: "தை பொறக்கறதுக்குள்ள அந்த லைட்டு அணையணும். அணைஞ்சா வண்டிய வெச்சுக்க, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அணையலன்னா வித்துடணும். வாலாஜாபாத்துல ஆளு கேட்டுக்கினு இருக்கறாரு."

"செரி" என்றாள் அக்கா.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வண்டி போனால் அவள் மறுபடி பஸ் கூரையின் ஒழுகலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதைவிடவும், அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவள் முகத்தில் வரும் தெளிவை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். பேசாமல் பல்பைப் பிடுங்கிவிட்டால் என்ன? லைட்டு அணைந்துவிட்டது என்று காட்டலாம், வண்டி வீட்டிலேயே இருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது? அடுப்படியில் இதை அவளிடம் சொன்னேன். தோசைக் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். "அது நெசமாலுமே அணையணும்டி. பொய் சொல்லி வெச்சுக்கற வண்டியில நான் எப்டி ஏறுவேன்?"

பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்திலும் அவளை மெச்சத்தான் தோன்றியது.

மார்கழி நடுவில், திருமுக்கூடல் போய்விட்டுத் திரும்பும்போது அக்கா சட்டென்று சொன்னாள்: "ஏய், இது எப்ப பாத்தாலும் நான் சோத்துக்கை பக்கம் திரும்புனப்புறந்தான் எரியுது, கவனிச்சியா?" நான் எங்கே கவனித்தேன், ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். அரைப் பரீட்சை லீவு, ஈ காக்கை இல்லை. வண்டியை உள்ளே விட்டாள். நிறுத்தி மறுபடி கிளப்பினாள். லைட்டு அணைந்திருந்தது. இடது பக்கமாக ஒடித்து ஒடித்துச் சுற்றினாள். பின்சீட்டில் சேலை மூட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. லைட்டு வரவில்லை. பிறகு வலது பக்கமாகச் சுற்றினாள். மூட்டைகள் மறுபக்கம் உருண்டன, என் தலை ஜன்னலில் இடித்தது, மஞ்சள் லைட்டு எரிந்தது. நிறுத்திக் கிளப்பி மறுபடியும் இடது, மறுபடியும் வலது. ஒவ்வொரு தடவையும் அப்படியே.

வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இன்னாமா, லைசென்சு எடுக்கப் போறியா?" என்று கத்தினார்.

"எடுத்தாச்சு தாத்தா! இது வண்டி பேசுது, கேட்டுக்கினு இருக்கறேன்!" என்று அக்காவும் கத்தினாள். அவர் ஆடுகளைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

அங்கிருந்து நேராக மெக்கானிக்கிடம் போனோம். சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "திரும்பறப்ப மட்டும்னா ஒயரு எங்கியோ இழுக்குதும்மா" என்று ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றி ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தாள்.

"அங்க கறுப்பா தொங்குதே, இன்னாது அது?"

"அதா? திருஷ்டிக் கயிறு."

"யாரு கட்டினது?"

"உங்க வூட்டுல கட்டினதுதாம்மா. மொத தடவ வண்டி வந்தப்பவே இருந்துச்சே."

"மொத தடவையே பாத்தியா?"

"எல்லாத் தடவையும் பாத்தேன். சாமி கயிறாச்சேன்னு அத அலுங்காம ஒதுக்கி விட்டுட்டுத்தான் வேலையே பாத்தேன்" என்றார் மெக்கானிக், ஒரு மரியாதையைக் காப்பாற்றிய திருப்தியோடு.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எங்கள் ஊரில் இன்னொருவர் கட்டிய திருஷ்டிக் கயிற்றில் யார் கை வைப்பார்கள்? அறுத்தவன் தலையில்தான் அது விடியும் என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். கறுப்புத் துணியில் படிகாரக் கல்லைப் பொட்டலமாகக் கட்டி, சென்சார் ஒயர் போகிற தாங்கியோடு ஒயரையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒயர் நீளும், கயிறு விடாது. வேறு ஊராக இருந்தால் பருத்திக் கயிற்றில் கட்டியிருப்பார்கள், இரண்டு மழையில் இற்று விழுந்திருக்கும். இது கறுப்புக் கரைச் சேலைக்கு வந்த மிச்சப் பட்டு நூல். எங்கள் வீட்டில் சமையல் பொடி டப்பாவைக்கூட அதில்தான் கட்டி வைப்போம். நனைந்தாலும் காய்ந்தாலும் அசையாமல், ஒயரின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து உள்ளே இறங்கியிருந்தது.

அக்கா அந்தப் பட்டு நூலை விரலால் தடவினாள். பிறகு முடிச்சைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் தெரிந்துவிட்டது. லாரியில் ஏறிப் போகும் பொட்டலங்களில் இருக்கும் முடிச்சு அது.

"அறுப்பா" என்றாள்.

மெக்கானிக் இரண்டு அடி பின்னால் போய் நின்றார். "நான் மாட்டேன்மா. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது."

அக்கா கைப்பையிலிருந்து குஞ்சம் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்தாள். "அக்கா, கோயிலுக்குப் போயி ஐயரைக் கேட்டுட்டு..." என்று இழுத்தேன். "எதுவா இருந்தாலும் என் தலையோட போவட்டும்" என்று சொல்லிக்கொண்டே நறுக்கினாள். பொட்டலம் அவள் உள்ளங்கையில் விழுந்தது. மெக்கானிக் கிட்டே வந்து, அறுந்த ஒயரைச் சீவி, இணைத்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டுக் கொடுத்தார். வீடு வரும் வரை வலது பக்கம் எத்தனை திருப்பம் உண்டோ அத்தனையிலும் திரும்பினாள். லைட்டு எரியவில்லை. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெரிய மாமா வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க கட்டினதா?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஆயுத பூசை அன்னைக்குக் கட்டுனேன். தனியா போற, மழையில போற. எனக்கு இருப்புக் கொள்ளல. உங்கிட்ட சொன்னா வேணாம்னுவ."

"எனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு கட்டுனீங்க. அது எனக்குத் தெரியுது" என்றாள் அக்கா. "ஆனா இதுதாங்க அந்த ஒயர அறுத்துக்கினு இருந்துச்சு. இப்ப லைட்டு எரியல."

மாமா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப நல்லதாப் போச்சு. லைட்டு எரிஞ்சா கொறச்சுக் கேப்பான். இப்ப நல்ல வெலைக்குப் போவும். வாலாஜாபாத் ஆள நாளைக்கே வரச் சொல்றேன்."

அந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து பெரிய மாமாவின் முகத்துக்கு நேராக நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. "அணைஞ்சா வெச்சுக்கன்னு நீங்க சொன்னத நாங்க எல்லாரும் கேட்டோம் மாமா" என்றேன். உள்ளேயிருந்து என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "எரிஞ்சப்பவும் விக்கணும்னீங்க. அணைஞ்சப்புறமும் விக்கணும்னு சொல்றீங்க. அப்ப உங்களுக்கு உறுத்தறது லைட்டு இல்ல. வேற என்னமோ இருக்குது. சொல்லுங்க. நான் எங்கியும் போவல."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் நாற்காலி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. தெருவில் போவோர் வருவோர் பார்த்தார்கள், அவள் அசையவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆபீஸ்ல கேக்கறானுங்க. உன் பொண்டாட்டி காருல போவுது, நீ ஷேர் ஆட்டோல தொங்கிக்கினு வரியேன்னு. தினமும் கேக்கறானுங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

அக்கா அவரையே பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். "நாளைக்குக் காலையில நானே கொண்டாந்து வுடறேன். எல்லாரும் ஒரே தடவையா நல்லாப் பாத்துக்கட்டும்."

"வேணாம்" என்றார் மாமா. அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

காலையில் சேலை மூட்டைகளோடு நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தாள். மாமா ஷேர் ஆட்டோ வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தார். அவள் மறுபடியும் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. மாமா விறுவிறுவென்று வந்து பின்கதவில் கை வைத்தார்.

"பின்னாடி ஒக்காந்தா என்னைய டாக்சி ஓட்டறவன்னு நெனப்பாங்க. முன்னாடி வாங்க."

முன்னால் வந்து உட்கார்ந்தார். அவள் தெருவோரத்தில் தள்ளி நிறுத்துவாள் என்று மாமாவும் எதிர்பார்த்திருப்பார், நானும் எதிர்பார்த்தேன். லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் போய், சரக்கு ஏற்றுகிறவர்களும் குமாஸ்தாக்களும் டீயோடு நின்றிருந்த இடத்தில், நேர் எதிரே நிறுத்தினாள். எல்லோரும் திரும்பினார்கள். மாமா இறங்கினார். கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இன்னா சார், வண்டிக்கு டிரைவர் வெச்சுட்டீங்களா?" என்றான் ஒருவன். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்தாள்.

மாமா அவர்கள் பக்கம் திரும்பினார். "டிரைவர் இல்லப்பா. வண்டி அவங்களோடது" என்றார். "நான்தான் ஓசியில வந்தேன்."

பிறகு குனிந்து, சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவாய் என்று அக்காவிடம் கேட்டார்.